வேதனையும் வார்த்தையும்: வலியற்ற மகப்பேற்று இயக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மனித வேதனைகளுள் மகப்பேற்று வேதனை ஒன்றே இயற்கையின் நியதியாகவும், சமயத்தின் விதியாகவும், பெண்ணின் கடமையாகவும் ஒருங்கே கருதப்பட்டு வந்துள்ளது. அதனாற்போலும், அவ்வேதனைக்கு ஒரு வரலாறு உண்டு என்னும் எண்ணமே பலருக்குத் தோன்றுவதில்லை. நோய்க்கு வரலாறு எழுதுகின்றோம், பஞ்சத்துக்கு எழுதுகின்றோம், போருக்கும் எழுதுகின்றோம். ஒவ்வொரு தலைமுறையிலும் மனித குலத்தின் செம்பாதியினருட் பெரும்பாலோர் அனுபவிக்கும் ஒரு வேதனை, எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது, யாரால் விளங்கிக்கொள்ளப்பட்டது, அவ்விளக்கத்தினால் யார் பயனடைந்தனர் என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்பியுள்ளோம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில், மருந்தின்றி, சொல்லினாலும் பயிற்சியினாலும் மகப்பேற்று வேதனையைத் தணிக்கலாம் என்னும் கோட்பாடு சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரான்சுக்கும், அங்கிருந்து உலகின் பல பாகங்களுக்கும் பரவியது. அறிதுயிலில் தொடங்கி, தசைத்தளர்வு, மூச்சுப்பயிற்சி என்பனவாக உருமாறிய இம்முறையின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டுள்ளோம். இம்முறை வலியை உண்மையிலே நீக்கியதா என்பது ஒரு வினா. அவ்வலியைப் பற்றிப் பேசும் உரிமையை அது யாருக்கு வழங்கியது என்பது மற்றொரு வினா. முதலாவதற்கான விடை இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. இரண்டாவதன் முக்கியத்துவம் இன்னும் போதியளவு உணரப்படவில்லை என்பதே எமது கருத்து.

2

வேதனையுடன் பிள்ளை பெறுவாய் என ஏவாளுக்கு இடப்பட்ட சாபம் விவிலியத்தின் தொடக்க நூலிலேயே கூறப்படுகின்றது. ஐரோப்பியக் கிறித்தவ உலகில் மகப்பேற்று வேதனை பற்றிய சிந்தனை நெடுங்காலம் இச்சாபத்தின் நிழலிலேயே வளர்ந்தது. 1847ஆம் ஆண்டு எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்தின்போது முதலில் ஈதரையும், பின்னர் குளோரோபோமையும் பயன்படுத்தியபோது, மருத்துவக் காரணங்களோடு சமயக் காரணங்களுக்கும் அவர் விடையிறுக்க வேண்டியிருந்தது. 1853இல் விக்டோரியா மகாராணி தமது மகன் லியோபோல்டின் பிறப்பின்போது மருத்துவர் ஜோன் சினோவின் உதவியுடன் குளோரோபோமை ஏற்றுக்கொண்டார். அரண்மனை ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பாவமென்று கூறுவது அதன்பின் எளிதாக இருக்கவில்லை.

ஆயின், மருந்தின் வருகை பெண்ணுக்கு முழு விடுதலையாக அமையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரிற் கையாளப்பட்ட 'அந்தித் துயில்' என்னும் முறை இதற்குத் தக்க சான்றாகும். மோர்பினும் ஸ்கொப்பலமினும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட இம்முறையில் வேதனை முற்றாக நீங்கியதென்று சொல்வதற்கில்லை. வேதனையின் நினைவே பெரிதும் நீங்கியது. பெண் கதறினாள், ஆனால் கதறியதை அவள் அறியாள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளாதவாறு அவளைக் கட்டிவைப்பதும் உண்டு. 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வசதிபடைத்த பெண்கள் இம்முறையைத் தமது உரிமையாகக் கோரி இயக்கம் நடத்தினர் என்பதும், அதே மருந்து பின்னர் அந்நாட்டு மருத்துவமனைகளிற் பெண்களை அடக்கி வைக்கும் கருவியாயிற்று என்பதும் வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1958இல் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகையொன்று பிரசவ அறைகளில் நிகழ்ந்த கொடுமைகள் பற்றி வாசகியர் எழுதிய கடிதங்களை வெளியிட்டபோதே இதன் பரிமாணம் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

இதற்கு எதிர்வினையாகத் தோன்றியோருள் முதன்மையானவர் ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட். 1933இல் வெளிவந்த 'இயற்கைப் பிரசவம்' என்னும் நூலில், அச்சம் தசைகளை இறுக்குகின்றது, இறுக்கம் வலியைத் தோற்றுவிக்கின்றது, வலி மேலும் அச்சத்தை வளர்க்கின்றது என்னும் வட்டத்தை அவர் விளக்கினார். அறிவூட்டலாலும் தசைத்தளர்வுப் பயிற்சியாலும் அவ்வட்டத்தை முறிக்கலாம் என்பது அவர் துணிபு. பயனுள்ள இக்கருத்துடன் ஏற்கவியலாத வேறு கருத்துகளும் கலந்திருந்தன. 'நாகரிகமடையாத' பெண்கள் வலியின்றிப் பெறுகின்றனர் என்று அவர் கற்பனை செய்தார். படித்த வெள்ளையினப் பெண்கள் குறைவாகப் பெறுவதையிட்டுக் கவலைப்பட்டார். தாய்மையே பெண்ணின் நிறைவு என்று வற்புறுத்தினார். குடியேற்ற நாட்டுப் பெண்ணின் வேதனை காணப்படாதது அது இல்லாமையாலன்று. கேட்கப்படாமையாலேயே என்பதை இன்று நாம் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

3

அறிதுயிலின் கதை இதனிலும் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மெஸ்மர் 'உயிர்க்காந்தம்' என்று அழைத்ததை, 1784இல் பிரெஞ்சு அரசர் நியமித்த ஆணைக்குழு கற்பனையின் விளைவென்று தள்ளிவிட்டது. ஆனால் கற்பனைக்கு அத்தகைய ஆற்றல் எங்ஙனம் வந்தது என்ற வினாவை அக்குழு தொடரவில்லை. 1843இல் ஜேம்ஸ் பிறெயிட் வெளியிட்ட நூலே காந்தக் கொள்கையைக் கைவிட்டு, அறிதுயிலை நரம்புத்தொகுதி சார்ந்த ஒரு நிலையாக விளக்க முற்பட்டது. அதே காலத்தில், 1845 தொடக்கம், வங்காளத்தின் ஹூக்ளியிற் பணியாற்றிய ஸ்கொத்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், இத்தகைய துயிலில் ஆழ்த்தப்பட்ட இந்திய நோயாளர்மீது பெரிய சத்திரசிகிச்சைகளை நடத்தினார். 1846இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. எனினும், ஈதரும் குளோரோபோமும் வந்ததும் இம்முயற்சி மங்கிப்போயிற்று. இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: அந்நோயாளர் சொல்லியவை எஸ்டெயிலின் எழுத்தினூடாகவே எமக்குக் கிடைக்கின்றன. துயிலவைப்பவனே துயில்பவருக்காகவும் பேசும் இவ்வமைப்பு, பின்னர் பிரசவ அறையிலும் தொடர்ந்தது.

அறிதுயிலைப் பிரசவத்துக்கு விரிவாகவும் முறையாகவும் பயன்படுத்தும் முயற்சி சோவியத் உக்ரெயினின் கார்க்கோவ் நகரில் வேரூன்றியது. உளச்சிகிச்சையாளரான கொன்ஸ்தந்தீன் பிளத்தோனொவும் அவருடைய மாணவர் இல்யா வெல்வொவ்ஸ்கியும் 1920களிலேயே இதில் ஈடுபட்டனர். பவ்லொவின் உடற்றொழிலியலை அடிப்படையாகக் கொண்ட பிளத்தோனொவ், சொல் என்பது ஏனைய புறத்தூண்டல்களைப் போன்றே உடலில் உண்மையான மாற்றங்களை ஏற்படுத்தவல்ல ஒரு தூண்டல் என்று கொண்டார்.

அறிதுயில் பல பெண்களுக்குப் பயனளித்தது. ஆனால் அதன் எல்லைகளும் விரைவிற் புலப்பட்டன. ஒவ்வொரு பெண்ணுக்கும் பயிற்சிபெற்ற மருத்துவர் ஒருவர் தனித்தனியே பலமுறை நேரம் ஒதுக்கவேண்டும். எல்லாப் பெண்களும் ஆழ்ந்த அறிதுயிலுக்கு ஆட்படுவதுமில்லை. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிரசவங்கள் நிகழும் ஒரு நாட்டில் இதனைப் பொதுமக்களுக்குரிய முறையாக்குவது இயலாததாயிற்று.

4

இந்நெருக்கடியிலிருந்தே 1940களின் பிற்பகுதியில் 'உளத்தடுப்பு முறை' பிறந்தது. வெல்வொவ்ஸ்கியும் அவருடன் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர்களும் அறிதுயிலைக் கைவிட்டு, விழித்திருக்கும் பெண்ணுக்குக் கற்பிக்கும் வழியை மேற்கொண்டனர். அவர்களது வாதம் வருமாறு: கருப்பைச் சுருக்கம் இயல்பான உடற்றொழில், அது தன்னளவில் வேதனையாக இருக்கவேண்டியதில்லை, தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கதைகளாலும் அச்சத்தாலும் சுருக்கமும் வேதனையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, நிபந்தனைப்பட்ட தெறிவினையாகிவிட்டன, சொல்லால் ஏற்பட்டதைச் சொல்லாலேயே அவிழ்க்கலாம். கருவுற்ற பெண்ணுக்கு உடலமைப்பையும் பிரசவத்தின் படிநிலைகளையும் வகுப்புகளிற் கற்பித்து, ஆழ்ந்து மூச்சுவிடல், வயிற்றை மென்மையாகத் தடவுதல் போன்ற செயல்களாற் சுருக்கத்தை எதிர்கொள்ளப் பயிற்றினால், மூளைய மேற்பட்டை விழிப்புடன் செயற்பட்டு வேதனைத் தூண்டல்களைத் தடுக்கும் என்று அவர்கள் கொண்டனர். அறிதுயிலில் பெண் செயலற்றவள். இங்கோ அவளே செயற்படுபவள். இவ்வேறுபாட்டை வெல்வொவ்ஸ்கி திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

1951இல் சோவியத் சுகாதார அமைச்சு இம்முறையை நாடெங்கும் நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. இவ்விரைவுக்கு அறிவியற் காரணம் மட்டும் போதாது. 1950இல் நடைபெற்ற அறிவியற்கழகங்களின் கூட்டுக்கூட்டம் பவ்லொவின் கோட்பாட்டையே ஏற்புடைய ஒரே அடித்தளமாக நிறுவியிருந்தது. போரினால் மக்கட்டொகை பேரளவிற் குறைந்திருந்த நிலையில், 1944ஆம் ஆண்டுச் சட்டம் அதிக பிள்ளைகளைப் பெறும் தாய்மாரைக் கௌரவித்தது. கருக்கலைப்பு 1936 முதல் 1955 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. மயக்கமருந்துகளும் அவற்றைக் கையாளும் நிபுணரும் போதியளவு இருக்கவில்லை. செலவற்ற ஒரு முறை அரசுக்கு எவ்வளவு உவப்பாக இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இம்முறையின் பன்னாட்டு வரலாற்றை 2014இல் நூலாக வெளியிட்ட போலா மைக்கல்ஸ், இச்சூழலை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். அரசின் தேவையும் பெண்ணின் தேவையும் ஒரு கணம் சந்தித்தன என்றே நாம் கூறலாம், அவை ஒன்றாகிவிடவில்லை.

5

1951இல் பாரிசு நகரில் நடைபெற்ற மகப்பேற்று மருத்துவர் மாநாடொன்றில் லெனின்கிராட் பேராசிரியர் நிக்கொலாயெவ் இம்முறை பற்றி உரையாற்றினார். அவ்வாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் குழுவொன்றுடன் சோவியத் ஒன்றியம் சென்ற பேர்னாந் லமாஸ், லெனின்கிராடில் ஒரு பெண் அமைதியாகப் பிள்ளை பெறுவதை நேரிற் கண்டார். பல்லாண்டு அனுபவம் வாய்ந்த அவருக்கு அக்காட்சி தமது தொழிலையே புதிதாகக் கற்கவேண்டும் என்னும் உறுதியை அளித்தது.

லமாஸ் பணியாற்றிய இடம் வரலாற்று முக்கியத்துவம் உடையது. பாரிசின் புளுவே வீதியில் அமைந்திருந்த அம்மருத்துவமனை, உலோகத் தொழிலாளர் சங்கத்துக்கு உரியது. அதன் மகப்பேற்றுப் பிரிவு 1947இல் திறக்கப்பட்டது. 1952 தொடக்கம் அங்கு நடைமுறைக்கு வந்த 'வலியற்ற பிரசவம்' தனியொரு மருத்துவரின் கண்டுபிடிப்பாக வழங்கப்படவில்லை. தொழிலாளர் வென்றெடுத்த ஓர் உரிமையாகவே முன்வைக்கப்பட்டது. மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அனைவரும் அக்கோட்பாட்டைக் கற்றனர். ஏனெனில் பிரசவ அறையில் ஒருவர் அலட்சியமாகச் சொல்லும் ஒரு சொல்லும் பயிற்சியைக் குலைத்துவிடும் என்று நம்பப்பட்டது. பிரெஞ்சு வழக்கிற் சுருக்கத்தைக் குறித்த 'வேதனைகள்' என்னும் சொல் விலக்கப்பட்டு, 'சுருக்கங்கள்' என்னும் சொல்லே பயன்படுத்தப்பட்டது. பயிற்சிபெற்ற துணைவி ஒருவர் பிரசவம் முழுவதும் பெண்ணின் அருகில் இருந்தார். சோவியத் மருத்துவமனைகளிற் கணவருக்கு வாயில் அடைக்கப்பட்டிருக்க, இங்கு அவர் வகுப்புக்கும் பிரசவ அறைக்கும் அழைக்கப்பட்டார். சுருக்கத்தின் உச்சத்தில் மேலோட்டமாகவும் விரைவாகவும் மூச்சுவிடும் பயிற்சியும் பாரிசிலேயே சேர்க்கப்பட்டது.

பனிப்போரின் உச்சத்தில் இம்முறை 'மொஸ்கோவின் சரக்கு' எனத் தாக்கப்பட்டதில் வியப்பில்லை. 1956 ஜனவரி 8ஆந் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மகப்பேற்று மருத்துவர்களுக்கு ஆற்றிய உரை இதிற் பெரும் திருப்பமாயிற்று. பொருள்முதல்வாத விளக்கத்தை ஏற்காது, முறையில் ஒழுக்கத்துக்கு மாறான எதுவுமில்லை என்றும், அது பிறந்த நாட்டைக் கொண்டு அதனை நிராகரிக்க வேண்டியதில்லை என்றும் அவர் கூறினார். ஏவாளின் சாபம், வலியைத் தணிக்க முயல்வதைத் தடைசெய்யவில்லை என்பதும் அவ்வுரையில் தெளிவாக்கப்பட்டது. 1957இல் ஜோன் கபென் நடித்து வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படமொன்று இம்முறையைக் கிராமப்புறங்களுக்கும் எடுத்துச் சென்றது. லமாஸ் அவ்வாண்டிலேயே காலமானார்.

6

பாரிசிற் பிள்ளை பெற்ற அமெரிக்கப் பெண் மார்ஜரி கார்மெல் 1959இல் தமது அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 1960இல் அவரும் எலிசபெத் பிங்கும் வேறு சிலரும் இணைந்து அமெரிக்காவில் இம்முறைக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அமெரிக்காவில் இது லமாஸ் முறை என்னும் தனிமனிதர் பெயரையே பெற்றது. கார்க்கோவ் மறைந்தது, தொழிற்சங்கமும் மறைந்தது. தொழிலாளர் மருத்துவமனையிற் பொதுச் சேவையாக இருந்த பயிற்சி, கட்டணம் செலுத்தக்கூடிய நடுத்தர வகுப்பினருக்குரிய வகுப்பாயிற்று. பயிற்சிபெற்ற துணைவியின் இடத்தைக் கணவர் ஏற்றார். இதனாற் கணவருக்கும் பிரசவ அறை திறந்தது என்பது பெறுமதி வாய்ந்ததே. ஆனால் நிறுவனம் ஏற்கவேண்டிய பொறுப்பொன்று குடும்பத்தின் தோள்களுக்கு மாற்றப்பட்டது என்பதையும் மறுக்கவியலாது.

அறிதுயிலும் முற்றாக மறைந்துவிடவில்லை. பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் குழுவொன்று 1955இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் அதனை ஏற்புடைய மருத்துவ முறையாக அங்கீகரித்தன. 1989இல் மேரி மொங்கன் அமெரிக்காவில் தொடங்கிய 'ஹிப்னோபேர்திங்' முறை, பின்னர் வணிகப் பெயருடன் பல நாடுகளிற் கற்பிக்கப்பட்டது. அறிதுயிலைப் பெண் தானே தனக்கு வரவழைத்துக்கொள்கின்றாள் என்பது இதன் சிறப்பு. கார்க்கோவில் கைவிடப்பட்டது, செயற்படும் பெண் என்னும் கருத்தை உட்கொண்டு, ஆனால் சந்தையின் வழியாகத் திரும்பி வந்தது.

7

இனி முதலாவது வினாவுக்கு வருவோம். 1984இல் கனடிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், 'வலியற்ற பிரசவம் என்னும் தொன்மம்' என்ற தலைப்பிலான ஆய்வுரையில், முதற் பிரசவத்தின் வலி மனிதர் அனுபவிக்கும் கடும் வலிகளுள் ஒன்று என்றும், பயிற்சி அதனை ஓரளவே குறைக்கின்றது என்றும் காட்டினார். பின்வந்த ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. டென்மார்க்கில் 1,222 பெண்களிடையே நடத்தப்பட்டு 2012இலும் 2013இலும் வெளிவந்த ஆய்வும், இங்கிலாந்தில் 680 பெண்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வும், சுய அறிதுயிற் பயிற்சியினால் எபிடியூரல் என்னும் முதுகுத்தண்டு வழி மருந்தின் பயன்பாடு குறையவில்லை எனக் கண்டன. ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, வலிநீக்கி மருந்துகளின் மொத்தப் பயன்பாட்டை அறிதுயில் குறைக்கக்கூடும், ஆனால் எபிடியூரல் பயன்பாட்டைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. சுருங்கக் கூறின், இப்பயிற்சிகளாற் சிலருக்குப் பயனுண்டு. தீங்கு மிக அரிது. வேதனையை ஒழிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

வெல்வொவ்ஸ்கியும் லமாஸும் பிழைத்த இடம் எது? வேதனைக்குச் சமூகப் பாங்கு உண்டென்று கண்டது அவர்களது சாதனை. வேதனை முழுவதும் அதுவே என்று கொண்டது அவர்களது பிழை. சூழ்நிலையை வலியுறுத்திய கோட்பாடொன்று உடலை மறந்துவிட்டது. இதன் விளைவு பெண்களின் மீதே விழுந்தது. பிரசவத்தின்போது பெண் எவ்வாறு நடந்துகொண்டாள் என்பதை மருத்துவர் அவதானித்து மதிப்பிடும் வழக்கம் இரு நாடுகளிலும் இருந்தது. அமைதியாக இருந்தவள் வெற்றி, கதறியவள் தோல்வி. தோல்விக்குக் காரணம் தேடியபோது, அவள் ஒழுங்காகப் பயிலவில்லை, உளப்பாங்கு சரியில்லை என்னும் விளக்கங்கள் எளிதிற் கிடைத்தன. முன்பு பெண் சாபத்தினாற் கதறினாள். இப்போது தன் குறையினாற் கதறினாள். விடுதலைக்காகத் தோன்றிய இயக்கம், அவள் வாயை அடைக்கும் புதியதொரு காரணத்தையும் தன்னையறியாமலே வழங்கியது. முற்போக்கு இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் மறைக்கக்கூடாத பாடம் இது.

ஆயினும், புளுவே வீதியின் மரபில் நிலைத்து நிற்பது ஒன்றுண்டு. அம்மருத்துவமனையிற் பெண்கள் தமது பிரசவம் பற்றித் தாமே எழுதி வைக்குமாறு கேட்கப்பட்டனர். மருத்துவரின் மதிப்பீட்டுக்கு அருகே பெண்ணின் சாட்சியமும் இடம்பெற்றது. மேலும், பிரசவம் முழுவதும் இடையறாத துணை கிடைப்பதன் பயன் பின்னாளைய ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. 15,000க்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வின்படி, இடையறாத துணையுள்ள பெண்களிடையே இயல்பான பிரசவம் கூடுதலாகவும், சிசேரியன் குறைவாகவும், கசப்பான அனுபவங்கள் அருகியும் காணப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள், பெண் தானே தெரிவுசெய்யும் துணையொருவரை உடன்வைத்திருக்க இடமளிக்க வேண்டும் என்கின்றன. தசைத்தளர்வு, மூச்சுப்பயிற்சி என்பவற்றையும் எபிடியூரலையும், அவற்றை வேண்டும் பெண்களுக்குரிய வழிகளாக ஒருங்கே கூறுகின்றன. இங்கு 'வேண்டும்' என்னும் சொல்லே முக்கியமானது.

8

எமது மொழியிலும் மகப்பேற்றுச் சுருக்கத்துக்கு வேதனையைச் சுட்டாத வழக்குச் சொல் இல்லை. வலி என்கின்றோம், நோக்காடு என்கின்றோம், வயிற்றுக்குத்து என்கின்றோம். அதேவேளை, அந்நிகழ்வின் முடிவைப் 'பேறு' என்று அழைக்கின்றோம். லமாஸின் மருத்துவமனை முன்னைய வகைச் சொற்களை அழித்துவிட முயன்றது. நாம் அவ்வாறு செய்யவேண்டும் என்று கருதவில்லை. நோவென்று ஒருத்தி சொல்லும்போது அதனை நோவென்றே ஏற்கவேண்டும். அது என்ன, ஏன் நிகழ்கின்றது, அடுத்து என்ன நிகழும் என்பதை அவளுக்குச் சொல்லவேண்டும். அவள் விரும்பும் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். மருந்து வேண்டின் மருந்தும், வேண்டாவிடின் அதுவன்றி உதவியும் கிடைக்கவேண்டும்.

கார்க்கோவிலிருந்து பாரிசு வழியாக நிகழ்ந்த இந்த நெடும்பயணத்தில், அறிதுயிலும் மூச்சுப்பயிற்சியும் காலத்துக்குக் காலம் மாறின. மாறாது எஞ்சியது, கருவுற்ற பெண் கற்பிக்கப்படத்தக்கவள், தன்னுடலைத் தானே அறியத்தக்கவள் என்னும் எண்ணமாகும். அவ்வெண்ணத்தைத் தொழிலாளர் மருத்துவமனையொன்று பொதுச் சொத்தாக்கிற்று. அதனைக் கட்டணம் செலுத்துவோரின் தனிச்சொத்தாக விட்டுவிடாது, ஒவ்வொரு பொது மருத்துவமனையின் பிரசவ விடுதியிலும் நிலைநாட்டுவதே அவ்வரலாறு எஞ்சவைத்துள்ள பணியாகும். அப்பணியின் வெற்றியைப் பெண்ணின் மௌனத்தைக் கொண்டு அளத்தல் தகாது. அவள் குரல் எவ்வளவு கேட்கப்பட்டது என்பதே அதற்குரிய அளவுகோல்.